செயற்கைக்கோளை ராக்கெட் எப்படிச் சுற்றுப்பாதையில் விடுகிறது?

ராக்கெட் படம் வரையச் சொன்னால் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரைவார்கள். கூரான மூக்கு, அடியில் நெருப்பு, சுற்றிலும் நட்சத்திரங்கள். ராக்கெட் வானத்தைப் பார்த்து நேராக மேலே, மேலே போய்க்கொண்டிருக்கும். கிளம்பும் முதல் சில நொடிகளுக்கு அந்தப் படம் உண்மைதான். ஆனால் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு போகும் ராக்கெட் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்துவிடும். போகப் போகச் சாய்வு கூடும். செயற்கைக்கோளை விடுகிற நேரத்தில் அது கிட்டத்தட்டப் படுத்த வாக்கில், தரைக்கு இணையாகப் பறந்துகொண்டிருக்கும்.

மேலே போவதுதானே ராக்கெட்டின் வேலை, பிறகு ஏன் சாய வேண்டும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் பிடிபட்டுவிட்டால், செயற்கைக்கோளை விடும் வித்தை பாதிக்கு மேல் புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

உயரம் மட்டும் இருந்தால் போதுமா?

ஒரு கற்பனை செய்வோம். ஒரு ராக்கெட் நேராக 400 கிலோமீட்டர் உயரத்துக்குப் போகிறது. அங்கே போய் நிற்கிறது. செயற்கைக்கோளை மெதுவாக வெளியே விடுகிறது. அடுத்து என்ன நடக்கும்?

செயற்கைக்கோள் அங்கேயே மிதக்கும் என்றுதான் பலரும் சொல்வார்கள். மிதக்காது. நேராகக் கீழே விழும். ஐந்து நிமிடத்துக்குள் காற்று மண்டலத்துக்குள் வந்து சேர்ந்துவிடும்.

விண்வெளிக்குப் போனால் பூமியின் ஈர்ப்பு விசை இருக்காது என்று பெரியவர்கள்கூடச் சொல்வதுண்டு. அது சரியில்லை. 400 கிலோமீட்டர் என்பது நமக்குத்தான் பெரிய உயரம். பூமியின் மையத்திலிருந்து நாம் நிற்கும் தரைக்கே ஏறத்தாழ 6,400 கிலோமீட்டர் தூரம். அதற்கு மேல் இன்னொரு 400 ஒன்றும் பெரிதில்லை. அவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் ஒரு ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட முடிந்தால், தரையில் 10 கிலோ காட்டிய பொருள் அங்கே கிட்டத்தட்ட 9 கிலோ காட்டும். பூமி அங்கேயும் பிடித்து இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது.

அப்படியானால் இந்த நிமிடம் நம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்கள் ஏன் விழவில்லை?

அவை விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. தரையைத்தான் தொடுவதில்லை.

இது எப்படி முடியும் என்று முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே விளக்கியவர் ஐசக் நியூட்டன். கையிலிருக்கும் ஒரு பந்தைச் சும்மா விட்டால் காலடியில் விழும். அதையே முன்பக்கமாக வீசினால் கொஞ்சம் தள்ளி விழும். பலமாக வீசினால் இன்னும் தள்ளி விழும். நியூட்டன் இதை எட்ட முடியாத அளவுக்கு நீட்டி யோசித்தார். மிக உயரமான ஒரு மலை. அதன் உச்சியில் ஒரு பீரங்கி. பீரங்கிக் குண்டை வேகமாகச் சுட்டால் அது வெகுதூரம் போய் விழும். இன்னும் வேகமாகச் சுட்டால் இன்னும் தூரம். ஒரு கட்டத்தில், குண்டு கீழே விழ விழ, உருண்டையான பூமியும் அதே அளவுக்குக் கீழ்நோக்கி வளைந்துகொண்டே போகும். குண்டு விழும், ஆனால் விழுந்து சேர அதற்குத் தரை கிடைக்காது. பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் வரும் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட அதைப் போட்டுப் பார்க்கலாம். எந்தப் பொருளை விட்டாலும் முதல் நொடியில் அது ஏறத்தாழ 5 மீட்டர் கீழே விழும். பூமியின் மேற்பரப்போ, 8 கிலோமீட்டர் நேராகப் போனால் 5 மீட்டர் கீழே வளைந்திருக்கும். அப்படியானால் ஒரு பொருள் ஒரே நொடியில் 8 கிலோமீட்டர் முன்னால் போய்விட்டால்? அது 5 மீட்டர் விழுந்திருக்கும், தரையும் 5 மீட்டர் இறங்கியிருக்கும். பொருளுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளி கொஞ்சமும் குறைந்திருக்காது. அடுத்த நொடியிலும் அதேதான். அதற்கடுத்த நொடியிலும் அதேதான்.

நொடிக்கு 8 கிலோமீட்டர் என்பது தரையை ஒட்டிப் பறப்பதற்கான கணக்கு. 500 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 7.6 கிலோமீட்டர் போதும். மணிக்கு 27,000 கிலோமீட்டருக்கும் மேல் என்று சொன்னால் அந்த வேகம் இன்னும் நன்றாகப் புரியும். அந்த வேகத்தில் போகும் செயற்கைக்கோள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றி முடித்துவிடும்.

வேகம்தான் முக்கியம் என்றால் எதற்காக அவ்வளவு உயரம் போக வேண்டும்? காற்றுக்காக. தரைக்கு அருகே அந்த வேகத்தில் போனால் காற்று உராய்ந்து வேகத்தைத் தின்றுவிடும், பொருளையும் சூடாக்கி எரித்துவிடும். ஆக, உயரம் காற்றிடமிருந்து தப்பிப்பதற்கு. வேகம் விழுந்துவிடாமல் இருப்பதற்கு. ராக்கெட் முதலில் மேலே எழும்பி அடர்ந்த காற்றைத் தாண்டுகிறது. பிறகு சாய்ந்து, பக்கவாட்டில் வேகத்தைச் சேர்க்கிறது. மேலே எழும்புவதைவிட இந்த இரண்டாவது வேலைக்குத்தான் அதிக ஆற்றல் தேவைப்படுகிறது.

வழியெல்லாம் எடையைக் கழற்றிப் போடுவது

ராக்கெட்டின் எஞ்சின் எரிபொருளை எரித்து, சூடான வாயுவைப் பின்பக்கமாகப் பயங்கர வேகத்தில் தள்ளுகிறது. வாயு பின்னால் போக, ராக்கெட் முன்னால் போகிறது. இதற்குச் சுற்றிலும் காற்று இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அதனால்தான் வெற்றிடத்திலும் ராக்கெட் வேலை செய்கிறது.

சிக்கல் எடையில் இருக்கிறது. இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை எடுத்துக்கொள்வோம். உயரம் 44 மீட்டர். கிளம்பும்போது அதன் எடை ஏறத்தாழ 320 டன், அதாவது 3,20,000 கிலோ. அது பூமியின் துருவங்களைச் சுற்றி வரும் 600 கிலோமீட்டர் உயரப் பாதைக்குக் கொண்டுபோகக்கூடிய செயற்கைக்கோளின் எடையோ ஏறத்தாழ 1,750 கிலோதான். மீதி எல்லாம்? பெரும்பகுதி எரிபொருள். அடுத்தது அந்த எரிபொருளை வைத்திருக்கும் உருளைகளும் எஞ்சின்களும்.

எரிபொருள் தீர்ந்த உருளையை எதற்குச் சுமக்க வேண்டும்? அதனால் ராக்கெட்டைப் பல அடுக்குகளாகச் செய்கிறார்கள். பி.எஸ்.எல்.வி.யில் நான்கு அடுக்குகள். அடி அடுக்கு இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து முடிந்து, கழன்று கடலில் விழுந்துவிடும். உடனே இரண்டாவது அடுக்கு எரியத் தொடங்கும். அதுவும் முடிந்து கழலும். இப்படி ஒவ்வொன்றாகக் கழலக் கழல, மிச்சமிருக்கும் ராக்கெட் சிறியதாகவும் லேசாகவும் ஆகிறது. லேசாக ஆக ஆக, கொஞ்ச எரிபொருளிலேயே வேகம் நன்றாக ஏறும்.

இன்னொரு உதவியைப் பூமியே தருகிறது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுகிறது அல்லவா? நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவர் தனக்குத் தெரியாமலேயே மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். ராக்கெட்டைக் கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் இலவசமாகக் கிடைத்துவிடும். ஸ்ரீஹரிகோட்டா, தென் அமெரிக்காவின் கூரு, அமெரிக்காவின் ஃபுளோரிடா என்று பல ஏவுதளங்கள் கிழக்கே கடல் இருக்கும் கரைகளில் அமைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கழன்று விழும் அடுக்குகள் ஊருக்குள் விழாமல் கடலில் விழ வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

மூக்கு பிளக்கும் நேரம்

செயற்கைக்கோள் ராக்கெட்டின் எந்தப் பகுதியில் இருக்கும்? உச்சியில், அந்தக் கூரான மூக்குக்குள். அதற்கு வெப்பக் கவசம் என்று பெயர். ராக்கெட் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது எதிர்க்காற்று அடிக்கும், உராய்வால் சூடு ஏறும். செயற்கைக்கோளோ மென்மையான கருவி. மெல்லிய தகடுகள், கண்ணாடி வில்லைகள், மடித்து வைத்த ஆன்டெனாக்கள் எல்லாம் அதில் இருக்கும். கவசம் இல்லாவிட்டால் சில நிமிடங்களில் எல்லாம் சிதறிப்போகும்.

நூறு கிலோமீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போனதும் காற்று என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இருக்காது. இனிமேல் கவசம் வெறும் சுமை. அதனால் அது நீளவாக்கில் இரண்டு பாதிகளாகப் பிளந்து, ஆளுக்கொரு பக்கமாகக் கழன்று போகும். பெரும்பாலான ஏவுதல்களில் செயற்கைக்கோள் முதன்முதலாக விண்வெளியைப் பார்ப்பது அப்போதுதான்.

இது சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் சின்ன வேலை இல்லை என்பதை 2017 ஆகஸ்ட் 31 அன்று நடந்த ஏவுதல் காட்டியது. ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1எச் என்ற வழிகாட்டிச் செயற்கைக்கோளை ஏற்றிக்கொண்டு பி.எஸ்.எல்.வி. சி39 கிளம்பியது. அடுக்குகள் எல்லாம் எரிந்தன. ஆனால் வெப்பக் கவசம் பிளக்கவில்லை. ஏறத்தாழ ஒரு டன் எடையை ராக்கெட் கடைசி வரை கூடுதலாகச் சுமக்க வேண்டியதாயிற்று. வேண்டிய வேகம் கிடைக்கவில்லை. செயற்கைக்கோள் ராக்கெட்டிலிருந்து பிரியத்தான் செய்தது. ஆனால் பிரிந்து எங்கே போவது? மூடிய கவசத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்டது.

அமெரிக்காவின் நாசாவுக்கும் இதே சோதனை வந்தது. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை அளப்பதற்காக ஓ.சி.ஓ. என்ற செயற்கைக்கோளை 2009 பிப்ரவரி 24 அன்று ஏவினார்கள். கவசம் கழலவில்லை. எடை தாங்காமல் சுற்றுப்பாதை வேகத்தை எட்ட முடியாமல், அண்டார்க்டிகாவுக்கு அருகே கடலில் விழுந்தது. அவர்கள் அதே போன்ற இன்னொன்றைச் செய்து 2014 ஜூலையில் வெற்றிகரமாக ஏவினார்கள். இந்தியாவும் 2018 ஏப்ரல் 12 அன்று ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஐ என்ற செயற்கைக்கோளை நல்லபடியாக அனுப்பியது. நெருப்பும் புகையுமாகக் கிளம்பும் அந்த நிமிடத்தைத்தான் நாம் கைதட்டிப் பார்க்கிறோம். பிடியைச் சரியான நேரத்தில் விடுவதும் அதே அளவுக்குக் கடினமான வேலை.

பிடியை விடுவது எப்படி?

இப்போது கடைசி அடுக்கு மட்டும்தான் மிச்சம். அதன் தலையில் செயற்கைக்கோள். தேவையான உயரம் வந்துவிட்டது, வேகமும் வந்துவிட்டது. கணினி எஞ்சினை நிறுத்துகிறது.

உடனே பிரித்துவிட மாட்டார்கள். எஞ்சினை நிறுத்திய பிறகும் மிச்சசொச்ச வாயு கொஞ்சம் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பிரித்தால் அடுக்கு முன்னால் நகர்ந்து செயற்கைக்கோளின் மேலேயே இடித்துவிடலாம். அதனால் சற்றுப் பொறுத்திருப்பார்கள். அதற்குள் அடுக்கில் இருக்கும் குட்டி எஞ்சின்கள் சின்னச் சின்ன உந்துதல் கொடுத்து, செயற்கைக்கோள் எந்தத் திசையைப் பார்க்க வேண்டுமோ அந்தத் திசைக்கு மெல்லத் திருப்பும். ஆட்டம் எல்லாம் அடங்க வேண்டும். அசைந்துகொண்டே இருந்தால், விடுபடும் செயற்கைக்கோளும் அந்த அசைவோடேயே போய்விடும்.

இனி ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் இணைக்கும் இடத்தைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். செயற்கைக்கோளின் அடியில் ஓர் உலோக வளையம் இருக்கும். ராக்கெட்டின் உச்சியிலும் அதே அளவில் ஒரு வளையம். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, விளிம்புகளைச் சுற்றி ஓர் உலோகப் பட்டையைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். பட்டையின் உட்புறத்தில் பள்ளம் வெட்டிய துண்டுகள் இருக்கும். இரண்டு விளிம்புகளும் அந்தப் பள்ளத்துக்குள் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். பட்டையின் முனைகளை போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். கிளம்பும்போது வரும் அதிர்வு, குலுக்கல் எல்லாவற்றையும் இந்த ஒரு பட்டைதான் தாங்குகிறது. பொறியாளர்கள் இதை மார்மன் கிளாம்ப் என்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இதைத் தயாரித்த நிறுவனம், ஸெப்போ மார்க்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகருடையது என்பது ஆச்சரியமான செய்தி.

விடுவதற்கான கட்டளை வந்ததும், ஒரு சிட்டிகை வெடிமருந்து வெடித்துக் கூரான கத்தி ஒன்றைத் தள்ளும். அது போல்ட்டை வெட்டிவிடும். இறுகியிருந்த பட்டை சட்டென்று தளர்ந்து விலகும். அது பறந்துபோய்ச் செயற்கைக்கோளில் அடித்துவிடாமல் பிடித்துக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. வளையத்தின் ஓரத்தில் அமுக்கி வைத்திருந்த ஸ்பிரிங்குகள் இப்போது நிமிரும். செயற்கைக்கோள் மெதுவாக முன்னால் நகரும்.

எவ்வளவு மெதுவாக? பெரும்பாலும் நொடிக்கு ஒரு மீட்டர் அல்லது அதற்கும் குறைவு. நாம் நடக்கிற வேகம்தான்.

மணிக்கு 27,000 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டிய ஒன்றை இவ்வளவு மெதுவாகத் தள்ளினால் போதுமா? போதும். ரயில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நீங்கள் உள்ளே உட்கார்ந்து ஒரு பந்தை மேலே தூக்கிப் போடுகிறீர்கள். பந்து பின்பக்கச் சுவரைப் பார்த்துப் பறந்து போகிறதா? இல்லை, உங்கள் கைக்கே வந்து விழுகிறது. கையை விட்டுப் போனாலும் ரயிலின் வேகம் பந்துக்குள் அப்படியே இருக்கிறது. செயற்கைக்கோளின் கதையும் அதுதான். ராக்கெட்டோடு சேர்ந்து வந்ததால் அதற்கு வேண்டிய வேகம் முழுவதும் ஏற்கெனவே வந்துவிட்டது. ராக்கெட் அதைச் சுற்றுப்பாதையில் தூக்கி எறிவதில்லை. இரண்டும் சேர்ந்தே சுற்றுப்பாதைக்கு வந்துவிட்டன. ராக்கெட் கையை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

அப்படியானால் ஸ்பிரிங் எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஸ்பிரிங் தள்ளாவிட்டால் இரண்டும் ஒட்டினாற்போலப் பக்கத்திலேயே பறந்துகொண்டிருக்கும், எப்போது வேண்டுமானாலும் முட்டிக்கொள்ளும். விலகிப் போவதற்கு ஒரு சின்னத் தள்ளுதல் வேண்டும். அந்த ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே அளவில் தள்ள வேண்டும். ஒரு பக்க ஸ்பிரிங் கொஞ்சம் பலமாகத் தள்ளிவிட்டால் செயற்கைக்கோள் குட்டிக்கரணம் போடத் தொடங்கிவிடும். அதனால் அவற்றைத் தரையிலேயே ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருத்துகிறார்கள்.

ராக்கெட்டும் சுற்றுப்பாதைக்கு வந்துவிடுகிறது என்பதற்கு மிகப் பழைய சாட்சி ஒன்று உண்டு. உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்-1ஐ சோவியத் ஒன்றியம் 1957 அக்டோபர் 4 அன்று ஏவியது. 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள பளபளப்பான உலோகப் பந்து, எடை 83.6 கிலோ, பின்பக்கம் நீளும் நான்கு ஆன்டெனாக்கள். கிளம்பிய ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேல் ஆனபோது அது ராக்கெட்டிலிருந்து விடுபட்டது. 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. இரவு வானத்தில் நகரும் ஒளிப்புள்ளியைப் பார்த்த மக்கள் அதைத்தான் ஸ்புட்னிக் என்று நினைத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் பார்த்தது ஸ்புட்னிக்கை இல்லை, அதை விட்டுவிட்டுக் கூடவே சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட்டின் பெரிய உடல் பகுதியைத்தான்.

அடுத்த முறை ஏவுதலை நேரலையில் பார்க்கும்போது திரையில் உயரம், வேகம் என்று இரண்டு எண்கள் ஓடும். பலரும் உயரத்தையே பார்ப்பார்கள். நீங்கள் வேகத்தைப் பாருங்கள். உயரம் கிட்டத்தட்ட அப்படியே நின்றுவிட்ட பிறகும் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போவதைக் கவனிக்கலாம்.

ஒன்று இல்லை, நூற்று நான்கு

ஒரு செயற்கைக்கோளை விடுவதே இவ்வளவு நுணுக்கமான வேலை. 2017 பிப்ரவரி 15 அன்று பி.எஸ்.எல்.வி. சி37 ஒரே பயணத்தில் 104 செயற்கைக்கோள்களை விட்டது. முதலில், பூமியைப் படமெடுக்கும் கார்ட்டோசாட்-2 வரிசையைச் சேர்ந்த 714 கிலோ எடையுள்ள செயற்கைக்கோள் விடுபட்டது. அடுத்து இரண்டு சிறிய இந்தியச் செயற்கைக்கோள்கள். பிறகு மற்ற நாடுகளின் 101 குட்டிச் செயற்கைக்கோள்கள். கிளம்பிய அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது.

104 பேரையும் ஒன்றோடொன்று மோதாமல் விடுவது எப்படி? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் விடக்கூடாது. கடைசி அடுக்கு மெதுவாகத் திரும்பிக்கொண்டே, சில நொடிகள் இடைவெளி விட்டு, ஒவ்வொரு தடவையும் சற்று வேறு திசையில் விடும். வேகத்தில் நொடிக்கு அரை மீட்டர் வித்தியாசம் இருந்தாலே போதும், ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. முன்பக்கமாகத் தள்ளப்பட்டது முந்திப் போகாது. கொஞ்சம் பெரிய வட்டத்துக்குப் போய், சுற்றி வர அதிக நேரம் எடுத்து, பின்தங்கிவிடும்.

குட்டிச் செயற்கைக்கோள்களில் பல, கியூப்சாட் என்ற வகையைச் சேர்ந்தவை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர் உள்ள கனசதுரம்தான் இதன் அடிப்படை அளவு. பெரியது வேண்டுமானால் இரண்டு, மூன்று கனசதுரங்களைச் சேர்த்த அளவில் செய்வார்கள். 1999ல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இரண்டு சேர்ந்து, மாணவர்களும் செயற்கைக்கோள் செய்ய வேண்டும் என்பதற்காக இந்த அளவை வகுத்தன. எல்லாம் ஒரே அளவு என்பதால் விடுவது சுலபம். நீளமான ஒரு பெட்டி, உள்ளே வரிசையாகக் கியூப்சாட்கள், அவற்றுக்குப் பின்னால் அமுக்கி வைத்த ஸ்பிரிங். கதவு திறந்தால் எல்லாம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும்.

2021 ஜனவரி 24 அன்று அமெரிக்காவின் ஃபால்கன் 9 ராக்கெட் 143 செயற்கைக்கோள்களை ஒன்றாகக் கொண்டுபோய் விட்டது. அதே வகை ராக்கெட்டில் போகும், இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுக்கு ஸ்பிரிங்கே கிடையாது. தட்டையான செயற்கைக்கோள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நீளமான கம்பிகளால் அழுத்திப் பிடித்திருப்பார்கள். ராக்கெட்டின் கடைசி அடுக்கை மெதுவாகச் சுழலவிட்டு, கம்பிகளை விடுவித்துவிடுவார்கள். சுழற்சியில் வெளிப்பக்கம் இருப்பது கொஞ்சம் வேகமாகவும் உள்பக்கம் இருப்பது கொஞ்சம் மெதுவாகவும் போவதால், செயற்கைக்கோள்கள் தானாகப் பிரிந்து பரவிவிடும்.

கண் திறக்கும் செயற்கைக்கோள்

ராக்கெட்டோடு ஒட்டியிருக்கும் வரை செயற்கைக்கோளின் கருவிகளில் பெரும்பாலானவை அணைந்தே இருக்கும். பட்டை கழன்று விலகும்போது இணைப்பில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச் விடுபடும். தான் தனியாகிவிட்டோம் என்று செயற்கைக்கோளின் கணினிக்கு அப்போது தெரியும்.

அதற்கு முதல் கவலை மின்சாரம். பேட்டரியில் இருப்பது கொஞ்ச நேரத்துக்குத்தான் வரும். மடித்து வைத்திருக்கும் சோலார் பேனல்களை விரிக்க வேண்டும், சூரியன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பேனல்களை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். உடம்பில் ஆட்டம் இருந்தால் உள்ளே இருக்கும் சக்கரங்களைச் சுழற்றி அதை நிறுத்த வேண்டும். கியூப்சாட்கள் மட்டும் விடுபட்டவுடன் ஆன்டெனாவை நீட்டிவிடக் கூடாது. அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்தில் இன்னும் யாராவது இருந்தால் இடித்துவிடக் கூடாதே.

பிறகு அது பூமிக்குச் செய்தி அனுப்பும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள் இதற்காகத்தான் காத்திருப்பார்கள். செயற்கைக்கோள் பிரிந்துவிட்டது என்ற அறிவிப்புக்குக் கைதட்டல் வரும். ஆனால் அதைச் செய்தவர்களுக்கு நிம்மதி வருவது பேனல்கள் விரிந்து முதல் சிக்னல் வந்த பிறகுதான்.

ராக்கெட் கொண்டுபோய் விடாத தூரம்

எல்லாச் செயற்கைக்கோள்களையும் ராக்கெட் அதனதன் இடத்திலேயே கொண்டுபோய் விடுவதில்லை. தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் பல 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். பூமியும் ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றுவதால், அந்தச் செயற்கைக்கோள் வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். வீட்டு மாடியில் இருக்கும் டிஷ் ஆன்டெனாவை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும் என்பது இதனால்தான்.

ராக்கெட் பெரும்பாலும் அதை நீள்வட்டப் பாதை ஒன்றில் விட்டுவிடும். ஒரு முனையில் பூமிக்குச் சில நூறு கிலோமீட்டர் பக்கத்தில் வரும், மறுமுனையில் முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் வரை போகும். அந்தத் தூர முனைக்குப் போகும்போது செயற்கைக்கோள் தன்னுடைய சொந்த எஞ்சினை இயக்கி வேகத்தைக் கூட்டும். இப்படிச் சில தடவை செய்து, பாதையை வட்டமாக்கிக்கொள்ளும்.

சந்திரயான்-3 போனதும் இப்படித்தான். எல்.வி.எம்.3 ராக்கெட் அதை நிலவுக்குக் கொண்டுபோய் விடவில்லை. 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய ராக்கெட், ஏறத்தாழ 16 நிமிடத்தில், பூமியைச் சுற்றும் நீள்வட்டப் பாதையில் அதை விட்டுவிட்டது. பக்கத்து முனை 170 கிலோமீட்டர், தூர முனை 36,500 கிலோமீட்டர். அதற்குப் பிறகு சந்திரயானே தன் எஞ்சினை இயக்கி இயக்கிப் பாதையை நீட்டி நிலவுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்ட் 23 அன்று தரையிறங்கியது.

மிச்சமிருக்கும் ராக்கெட்

செயற்கைக்கோளை விட்டதும் கடைசி அடுக்கின் வேலை முடிந்துவிடுவதில்லை. முதலில் அது செயற்கைக்கோளின் வழியிலிருந்து விலக வேண்டும். அதுவும் சுற்றுப்பாதையில்தான் இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டால் பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும். பிற்பாடு ஏதாவது செயற்கைக்கோளோடு மோதினால் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறும், ஒவ்வொரு துண்டும் அதே பயங்கர வேகத்தில் சுற்றும். அதனால் பல ராக்கெட்டுகளில் கடைசி அடுக்கின் எஞ்சினை இன்னொரு முறை இயக்கி, போகும் திசைக்கு எதிராகத் தள்ளி, வேகத்தைக் குறைக்கிறார்கள். வேகம் குறைந்தால் பாதை கீழே இறங்கும், காற்று மண்டலத்துக்குள் நுழைந்து பெரும்பாலும் எரிந்துபோகும்.

இந்தியா இந்தக் கடைசி அடுக்கையே ஒரு சோதனைக் கூடமாக்கிப் பயன்படுத்துகிறது. 2024 ஜனவரி 1 அன்று பி.எஸ்.எல்.வி. சி58, எக்ஸ்போசாட் என்ற செயற்கைக்கோளை 650 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. பிறகு அதன் நான்காவது அடுக்கு 350 கிலோமீட்டருக்கு இறங்கி, தன்மீது பொருத்தியிருந்த கருவிகளை வைத்துச் சில வாரங்கள் ஆய்வுகள் செய்தது. அதற்கு போயம்-3 என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த உயரத்தில் மிச்சமிருக்கும் மெல்லிய காற்று அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. 2024 மார்ச் 21 அன்று அது பசிபிக் பெருங்கடல் பக்கம் காற்று மண்டலத்துக்குள் வந்து விழுந்தது.